இரண்டாவது நகர்வில் ராணி

2025 ஜூன் 10, செவ்வாய்

பெருநாள் விருந்தாளிகள் போய்விட்டார்கள். மட்டக்களப்பில் நடக்கும் செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் மூன்று பேர் கொழும்புக்குப் போகலாம். "நாப்பது வயசில என்ன விளையாட்டு?" என்றார் என் கணவர் இஷாம். பிறகு தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார்.

ஜூன் 14, சனி

மூன்று ஆட்டம். மூன்றும் வெற்றி!

ஜூன் 15, ஞாயிறு

கடைசி ஆட்டம். வென்றால் கொழும்பு.

எதிரே அழகரத்தினம் என்றொருவர், கொக்கட்டிச்சோலைக்காரர், தலை நரைத்தவர். ராஜாவின் சிப்பாயை நகர்த்தினார். நான் வழக்கம்போல் பிரெஞ்சுத் தற்காப்பு. இரண்டாவது நகர்விலேயே அவர் ராணியைத் தூக்கி ராஜாவுக்கு முன்னால் வைத்தார்.

அப்படி ஆடிய ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். ஆர்த்திகா. 2003, பாடசாலைப் போட்டி. ராணியைப் பார்த்துச் சிரித்தேன், தோற்றேன். அதன்பின் எத்தனை கடிதங்கள்! 2007இல் போரில் வாவிக்கு அக்கரையில், அவளுடைய படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தது. அதோடு கடிதம் நின்றது. இருக்கிறாளா என்று கேட்கக்கூட ஆளில்லை.

ஆட்டத்தின் நடுவில் பேசக் கூடாது. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தபோது அவர் கேட்டார்: "டிரோவா, தங்கச்சி?"

வென்றிருப்பேன். ஆனால் இன்னும் ஒரு மணிநேரம் வாயைப் பூட்டிக்கொண்டு இருக்க — இல்லை, முடியவில்லை. கை கொடுத்தேன்; ஆட்டம் சமன், ஆளுக்கு அரைப் புள்ளி.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணன், அந்த ராணிய ஆரு காட்டித் தந்த?"

"என்ட தங்கச்சி ஆர்த்திகா. வவுனியாவில தாதியா இருக்காள்."

இருக்காள். அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினேன்.

நான்காம் இடம். "அரைப் புள்ளிக்கா அழுற?" என்றார் இஷாம். அதற்கில்லை என்று சொல்ல நெடுநேரமாயிற்று.

ஜூன் 16

ஆர்த்திகாவோடு தொலைபேசியில் பேசினேன். அதே குரல், கொஞ்சம் தடித்திருக்கிறது. அந்த நகர்வை எங்கே படித்தாய் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க கா படிச்சன்? சிப்பாய எடுக்கப் போய் ராணியத் தொட்டுப் போட்டன். தொட்டா நகர்த்தத்தானே வேணும்! வெக்கத்தில தெரிஞ்சமாதிரி இருந்தன். அண்ணனுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தன்."

இருபத்திரண்டு வருடமாக அதை ஒரு மேதையின் நகர்வென்று நினைத்திருந்தேன்.

ஓகஸ்ட் 9, சனி

வவுனியா பஸ்ஸில் வந்திறங்கினாள். கண்ணாடி போட்டிருக்கிறாள்; என்னைவிட மெலிவு. வீட்டுக்கு வந்ததும் செஸ் பலகையை எடுக்கப் போனேன்.

"அத வை கா," என்றாள். "முதல்ல சோத்தப் போடு. பிறகு எல்லாத்தையும் சொல்லு."