கழுவி வந்த டப்பா

சண்டர்லாந்து, ஞாயிறு

அடி எட்னா,

எதிர்வீட்டில் இருந்தும் பத்தொன்பது வருஷமாக உன் முகத்தில் நான் விழிக்கவில்லை. கப்பல் கட்டப் போன என் ரால்ஃபின் சாப்பாட்டு டப்பா ஒரு வாரம் கழுவியே திரும்பி வந்தது. உன் வீட்டு சோப்பு வாசம். "என் புருஷன் டப்பாவை நீ எதுக்குடி கழுவறே?" என்று உன் வாசலில் கத்தினேன். நீ வாயே திறக்கவில்லை.

நேற்றுதான் அவர் சொன்னார். அந்த வருஷம் வேலை போச்சென்று என்னிடம் சொன்னதற்கு ஒரு வாரம் முன்பே அது போயிருந்ததாம்.

"கொரியாக்காரன் மலிவா கட்டுறான்னு எங்களை நிறுத்திட்டாங்க. உங்கிட்ட சொல்ல வெக்கம். ஆத்துப் பாலத்துல நின்னேன். 'சூப் ஆறுது, வாய்யா'ன்னு எட்னாதான் இழுத்துட்டுப் போனா. தினமும் அவ அடுப்படியிலதான் டப்பாவைப் பிரிச்சுச் சாப்பிட்டேன்."

பாலத்தில் ஏன் நின்றார் என்று நான் கேட்கவில்லை. காது போன மனுஷன் இதோ பக்கத்தில் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் நீ எனக்குக் கொடுத்தது.

மறைத்ததற்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அதே டப்பாவில் இஞ்சி கேக் வைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கழுவாமல் கொண்டுவா.

உன் எதிர்வீட்டுக்காரி