பன்னிரண்டு பாட்டும் ஒரு ஓட்டை ஃபேனும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தலைவலி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் காதுக்கு மட்டும்தான் மூன்று வாரமாகச் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போனில் சொன்னால் முடிந்திருக்கும்தான், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, நீ பாட்ட முழுசா கேட்டியா, இல்ல பாதியிலேயே நிறுத்திட்டியா"ன்னு குறுக்கே விழுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசி வரி வரை பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய பன்னிரண்டு பாட்டையும் கேட்டுவிட்டேன். நம் பேச்சு என்ன என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றே ஒன்று எனக்குப் பிடித்துவிட்டால் போதும், நீ இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, உன்னைக் கூப்பிட்டிருக்கிற அந்தப் பாட்டு பேண்டோடு எட்டு மாதம் வேனில் ஊர் ஊராகப் போய் அவர்கள் கச்சேரிக்கு சவுண்ட் பார்ப்பாய். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்காமல் ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பாய். மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். பன்னிரண்டில் எது அவர்களுடைய பாட்டு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நாணயமாக நடந்துகொண்டாய். அப்பாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே அனுமதி கிடைத்திருக்கும், ஆனால் "அம்மா காது தப்பாது, அவ சொன்னாத்தான்"னு நீயே வந்து என்னிடம் மாட்டிக்கொண்டாய்.

முதலில் இந்த இண்டி பேண்ட் என்கிற சமாச்சாரத்துக்கு வருகிறேன். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் தாங்களே பாடி தாங்களே பதிவு செய்து வெளியிடுகிற சுதந்திரமான ஆட்கள் என்று விளக்கம் கொடுத்தாய். கேட்ட பிறகுதான் புரிந்தது, அவர்கள் சுருதியிடமிருந்தும் சுதந்திரம் வாங்கிவிட்டார்கள். அந்தப் பெயர்களைப் பார், 'ஈரத் துண்டு', 'மன்னிக்கவும் தாமதம்', 'ஞாயிற்றுக்கிழமை எலிகள்'. பெயர் வைக்க யோசித்ததில் பாதியாவது பாட்டுக்கு யோசித்திருக்கலாம். முதல் பாட்டில் ஒரு பையன் பல் வலிக்காரன் மாதிரி முனகுகிறான், இரண்டாவதில் வாத்தியம் எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகிறது, பாடுகிறவன் பின்னால் மூச்சிரைக்க வருகிறான். நாலாவதில் பாட்டே இல்லை, மூன்று நிமிஷம் மழைச் சத்தம், நடுவில் யாரோ இருமுகிறார்கள். அதைப் பற்றி நீ உன் இணையப் பக்கத்தில் எழுதியதையும் அப்பா படித்துக் காட்டினார். 'நனைந்த செங்கல்லின் மௌனம்' என்று எழுதியிருந்தாய். செங்கல் என்றைக்கடி பேசியிருக்கிறது, அது மௌனமாக இருப்பதைப் போய்க் கொண்டாடுவதற்கு? ஏழாவது பாட்டுக்காரன் தன் காதலி போய்விட்டாள், போய்விட்டாள் என்று இருபத்தாறு தரம் சொல்கிறான், எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெண் புத்திசாலி.

உன் அப்பா கதை தனி. தபால் வேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இப்போது வேறு வேலை இல்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே பன்னிரண்டையும் கேட்டார், பன்னிரண்டுக்கும் "நல்லாத்தான இருக்கு"ன்னு ஒரே பதில். அந்த மழையும் இருமலும்கூட நல்லாத்தான் இருக்கிறதாம். முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்து 'ஞாயிற்றுக்கிழமை எலிகள்' புதுப் பாட்டு கேட்டீர்களா என்று அந்த ஆளை வேறு விசாரித்திருக்கிறார், அந்த ஆள் எலி மருந்து விற்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்பினாராம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இவருக்கு அடுத்தவன் குஞ்சும் பொன் குஞ்சு. இவர் அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது.

என் வழி உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஃபேன் கம்பெனியின் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மேசை ஃபேனுக்குக் காது கொடுக்கிறேன். ஒவ்வொரு வேகத்திலும் பத்து விநாடி, பிறகு தலையைத் திருப்பவிட்டு ஒரு தரம், சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு, அதன்மேல் என் எண் ஏழு. ஓடவிடாமல் எதற்கும் நான் ஸ்டிக்கர் ஒட்டியது கிடையாது. உன் பாட்டு விஷயத்தில் மட்டும் அப்படிச் செய்தேன், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கேட்பதற்கு முன்பே பன்னிரண்டுக்கும் சிவப்பு என்று மனசுக்குள் ஒட்டிவிட்டேன். நீ அந்த வேனில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கே படுப்பாய், யார் வண்டி ஓட்டுவார்கள், எட்டு மாதம் கழித்து எந்த ஆபீஸ் உனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கும் என்று ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பயந்தேன், பயத்தை ரசனை என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஒன்பதாவது பாட்டு. ஒரு பெண் பாடுகிறாள், கூட ஒரே ஒரு கிட்டார். சின்ன அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள், புழுக்கம் தாங்காமல் ஒரு மேசை ஃபேனை ஓடவிட்டிருக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டும் என்கிற அறிவுகூட யாருக்கும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட ஃபேன், கழுத்துக்குள் இருக்கிற பல் சக்கரம் தேய்ந்துபோய், இடது ஓரத்துக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு அடி. என் மேசைக்கு வந்திருந்தால் மூன்று விநாடிகூடக் கொடுத்திருக்க மாட்டேன். பல் ஒன்று தேய்ந்திருக்கிறதா இரண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் திரும்பக் கேட்டேன், ஃபேனுக்காகத்தான் கேட்டேன், பாட்டுக்காக இல்லை. மூன்றாவது தரம் கேட்கும்போதுதான் கவனித்தேன், அந்தப் பெண் அந்த 'டக்'குக்காகக் காத்திருந்து அடுத்த வரியை எடுக்கிறாள். தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு தரம் போட்டேன். கடைசியில் ஒரு இடத்தில் கரண்ட் குறைகிறது, ஃபேன் சோர்ந்து மெதுவாகத் திரும்புகிறது, 'டக்' தாமதமாக வருகிறது. அவளும் அவசரப்படாமல் நிற்கிறாள், கிட்டார்க்காரனும் நிற்கிறான், வந்த பிறகு குரலை அந்த ஃபேனின் முனகலுக்குக் கொஞ்சம் கீழே இறக்கி எடுக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு ஓட்டை ஃபேனை இவ்வளவு மரியாதையாகக் காதுகொடுத்துக் கேட்கிற இன்னொரு ஆளை இந்த உலகத்தில் நான் பார்த்ததில்லை.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் அப்போதும் இருந்தேன். ஒன்பதாவதும் சிவப்புதான் என்று எழுதிவிட்டால் உனக்கு எப்படித் தெரியப்போகிறது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது கேள். என் மேசைக்கு ஒரு ஃபேன் வந்தது, தலையைத் திருப்பியது, இடது ஓரத்தில் அதே 'டக்'. நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுத்த வரி வருமென்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி 'டக்', வாய்க்குள்ளேயே அந்தப் பெண்ணின் வரியை எடுத்தேன், நிம்மதியாகப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அடுத்த ஃபேனை இழுத்துக்கொண்டேன். அவலை நினைத்து உரலை இடித்த கதை. சாயங்காலம் மறுசோதனையில் பிடித்துவிட்டார்கள். என்னை அக்கா என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர், திருட்டுப் பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி அந்த ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது உங்க நம்பர்தானா, இல்ல யாராவது மாத்தி ஒட்டிட்டாங்களா"ன்னு கேட்டார். என்னுடையதுதான் என்றேன். எதிர் மேசையில் உட்கார்ந்து எட்டு மணிநேரமும் கொட்டாவி விடுவாளே ஒருத்தி, அவள் அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் தப்பாக ஒட்டியது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், "அப்போ பாட்டு நல்லாருக்குன்னுதான அர்த்தம்"னு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் சொன்ன ஒரே உருப்படியான அபிப்பிராயம் அது, அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, விளக்கைப் போடச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஆனால் ஒரு கெட்ட ஃபேனுக்குப் பச்சை ஒட்டிவிட்டு, நல்லதாகப் போய்விட்ட ஒரு பாட்டுக்குச் சிவப்பு ஒட்டினால், அப்புறம் ஏழாம் எண்ணுக்கு என்ன மதிப்பு இருக்கிறது, சொல்.

ஆகவே பதினொன்று குப்பை, அதில் சந்தேகமே வேண்டாம், யார் கேட்டாலும் நான் சொன்னதாகவே சொல். உன்னைக் கூப்பிட்டது ஒன்பதாவது பேண்ட் இல்லை, அந்தப் பல் வலிக்காரன்தான் என்றாலும் பேச்சு பேச்சுதான், பின்வாங்க மாட்டேன், ஆனால் அவனை முதலில் பல் டாக்டரிடம் கூட்டிப்போ. ஆபீசில் சண்டை போடாமல் எழுதிக் கொடு, திரும்பிப் போகிற கதவை அறைந்து சாத்தாதே. வேனில் ஓட்டுகிறவன் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வா. பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள், அந்தக் காது என்னிடமிருந்து போனது, பாழாக்கிவிட்டு வந்தால் சும்மா விடமாட்டேன். போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களும் நல்ல சாப்பாடும் அமையட்டும், நீ தொடுகிற வேலை எதுவும் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, அந்தப் பெண்ணை எங்கேயாவது பார்த்தால் ஃபேனைப் பழுது பார்க்கச் சொல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வேண்டாம், அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்.

பன்னிரண்டையும் முழுசாக ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் கீழே பச்சை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது, பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பரிசோதகர் எண் ஏழு.