அப்பா பேசிய மன்னிப்பு

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று அம்மாவை அடக்கம் செய்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பாவிடம் கெஞ்சினேன். "கண்டவனோட ஓடினவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார். அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டேன்; உன் எண் மாறியிருந்தது. இன்றுதான் உன் தோழி இந்த முகவரியைத் தந்தாள்.

அடக்கத்துக்கு முன் பிரார்த்தனைக் கூடத்தில் அப்பா மன்னிப்பைப் பற்றித்தான் பேசினார். கூட்டமே தேம்பியது. வெளியே வந்ததும், "இப்பவாவது அவளைத் தேடிப் பிடிச்சு வரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கடவுளை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அப்பாவை நேற்றுதான் விட்டேன்.

நீ வராதே, தங்கச்சி. வாசலில் நிற்கவைத்து உனக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். உள்ளே விடமாட்டார்கள்.

உன் அண்ணன்