யாழினி காதில் பம்பை

ஆடி மூன்றாம் வெள்ளி

கோயிலில் நான், மகன் செந்தில், மருமகள் கவிதா, பேத்தி யாழினி, என் நாத்தனார் பாவாயி, பம்பைக்காரர் இருந்தோம்.

யாழினிக்கு எல்லாமே கூடுதலாக உறைக்கும். பக்கத்து வீட்டில் தறி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வாள். "நோயில்லைங்க, பொறந்த கொணம். சத்தத்துல இருந்து தள்ளி வெச்சா நல்லாருப்பா" என்று டாக்டரம்மா சொன்னபோது செந்திலும் நானும்தான் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

பாவாயி மட்டும் அதைப் பேய் என்றாள். பம்பை அடித்தால் ஓடிவிடுமாம். என் கல்யாணத்தன்றே என் கறுப்பைச் சொல்லிச் சிரித்தவள் அவள். இன்று சும்மா கும்பிட்டு வரலாம் என்றுதான் என்னையும் கவிதாவையும் அழைத்துப் போனார்கள்.

காதோரம் பம்பை முழங்கியதும் குழந்தை துள்ளினாள்.

"பாருங்க, பேயாடுது! இன்னும் ஓங்கி அடிங்க!" என்று கத்தினாள் பாவாயி.

"உடுங்கப்பா, காது வலிக்குதுப்பா!"

கவிதா பாய்ந்து குழந்தையைப் பிடுங்குவதற்குள் யாழினி வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். கண் விழித்ததிலிருந்து, அப்பன் பக்கத்தில் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

பாவாயி ஒன்றும் அறியாதவள், போகட்டும். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டும், குழந்தை காதைப் பொத்தவிடாமல் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தவனை, நான் பெற்றவனே ஆனாலும், சாகும்வரை மன்னிக்கமாட்டேன். அவன் என் செந்தில்.