சுவரில் உன் குடம்

அன்புள்ள நாம்வாலே,

நம் ஊர் வழக்கப்படி இரு கை தட்டி உன்னை வணங்குகிறேன். இந்த வெயிலில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்லச் சொல்ல, இங்கே டிரைவராக இருக்கும் லைசன் எழுதுகிறான்.

தலைநகர் லிலோங்வேயில் நான் காவல் காக்கும் தொண்டு நிறுவன அலுவலகத்தில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். நம் ஊர் அடிகுழாயைத் திறந்த அன்று, நிறைகுடத்தோடு நீ சிரித்த படம். நேற்று வந்த பெரிய அதிகாரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது என் சம்சாரமுங்க. அந்தக் குழாய் ரெண்டாம் வருசமே நின்னுபோச்சு. ஒரு ரப்பர் வாசர் போட்டா ஓடிரும்,” என்றேன்.

“பழச ரிப்பேர் பண்ண யாரும் பணம் தர்றதில்ல தாத்தா. புதுசா தோண்டத்தான் தர்றாங்க. இவங்க சிரிப்பப் பாத்துத்தான் அதுவும் வருது.”

நானும் சிரித்துவைத்தேன். வேலை வேண்டுமே.

நீ எடுத்துவைத்த தேய்ந்த வாசரை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. அளவு காட்டினால்தான் கடைக்காரன் தருவானாம். அதுவரை ஆற்றுக்குத் தனியாகப் போகாதே. உன் படம் எங்கே தொங்குகிறது என்று முதலைக்குத் தெரியாது.

லைசனைக் கூப்பிடுகிறார்கள். தினமும் உன் படத்தைத் துடைக்கிறேன். அதில் மட்டும் உன் குடம் நிறைந்தே இருக்கிறது.

உன் கணவன் ம்பேவே