பூவிழி அனுப்பிய அளவு சுடிதார்

ஒரத்தநாடு
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் அண்ணன் வளவனும் சௌகரியமாக இருக்கிறோம், மாடு மட்டும் மழையில் நனைந்து செருமிக்கொண்டிருக்கிறது, மற்றபடி ஒன்றும் குறைவில்லை. அங்கே உன் சௌகரியத்தைக் கேட்டு எழுத வேண்டிய இடம் இது. கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் எப்போது கேட்டாலும் “நல்லாத்தாம்மா இருக்கேன், டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், நான் பேச நினைத்ததைப் பேச விடுவதே இல்லை. அதனால்தான் கடிதம். பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்குகிறார்கள், ஆயா பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள், எனக்குக் கிடைத்த நேரம் இதுதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மடியில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா திட்டத்தான் எழுதியிருக்கிறாள் என்று மடித்து வைத்துவிடுவாய். இந்த வாரம் முழுக்க விடாத மழை. நட்ட சம்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது, அப்பா விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிகால் வாய்க்காலுக்குப் போய்விடுகிறார், வடிய வடிய மறுபடி ஏறுகிறது, ஆனாலும் பயிர் நுனி பச்சையாகத்தான் இருக்கிறது, பிழைத்துவிடும் என்கிறார். வளவன் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாயிற்று, தை பிறந்து இரண்டாவது முகூர்த்தம். அந்தப் பெண் நல்ல மாதிரியாக இருக்கிறாள், வளவனை விட உன்னைத்தான் அதிகம் விசாரிக்கிறாள், ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிற நாத்தனார் எப்போது வருவாங்க என்று. அப்பா அதைக் கேட்டுவிட்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கூலிக்கு நாற்றுப் பறிக்கப் போன வீட்டுப் பெண் டில்லியில் விமானம் ஏறுகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறாள் என்பதில் அவருக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அவரிடம் நான் இதுவரை எதையும் சொல்லவில்லை.

நீ கூரியரில் அனுப்பிய பொட்டலம் வந்தது. வரவேற்பு அன்று போட்டுக்கொள்ள மாம்பழ நிறத்தில் துணியும், அளவுக்கு உன் நீலச் சுடிதாரும் இருந்தன. ஸ்ட்ரெயிட் கட் டாப், ஒட்டிப் பிடிக்கிற பேண்ட், அளவு சுடிதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே வெட்ட வேண்டும், ஒரு நூல்கூட அதிகம் விடக் கூடாது என்று போனில் அழுத்தி அழுத்திச் சொன்னாய். நானும் மழை விட்ட நேரம் பார்த்து பஸ் ஏறி விஜயலட்சுமி கடைக்குப் போனேன், பள்ளிக்கூட யூனிபார்ம் காலத்திலிருந்து அவள் தைக்காத துணி உனக்கு ஏது. சுடிதாரை மேஜையில் விரித்து டேப்பை வைத்தவள் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யாருக்குக்கா இது, பூவிழிக்கா? அது ஒடம்பு எனக்குத் தெரியாதா, இதுக்குள்ள அது நுழையவே நுழையாதுக்கா” என்றாள். இடுப்புக்குக் கீழே, தையல்காரர்கள் சீட் என்று சொல்கிற அகலமான இடத்தில், இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இப்படி இளைத்துப் போயிருக்கிறாளே, சர்க்கரையா, டிபியா, வயிற்றில் ஏதாவது கட்டியா, வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிக் காட்டி ஏமாற்றிவிட்டாளே என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். விஜயலட்சுமிதான் சுடிதாரை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். “பயப்படாதீங்கக்கா. பழைய தையல்கிட்ட துணி நைஞ்சு வெளுத்திருக்கு பாருங்க, புதுசா புடிச்ச எடத்துல ஒரு இழுப்பு, ஒரு வேர்வைக் கறை கெடையாது. இதப் போட்டுக்கிட்டு ஒரு நாள்கூட நடக்கல. கையாலயே ஊசி ஓட்டி அனுப்பியிருக்கு. இது இப்ப இருக்கிற அளவில்லக்கா, கல்யாணத்துக்குள்ள ஆகணும்னு நெனைக்கிற அளவு” என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தேன், அம்மாவையும் டெய்லரையும் ஒரே ஊசியில் ஏமாற்றப் பார்த்திருக்கிறாள் கள்ளி என்று. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? அதற்குள் நாலு நாலு விரல் சதையை இந்தப் பெண் எப்படி எடுக்கப் போகிறாள்? யாரைக் கேட்பது என்று தெரியாமல், உன் ரூமில் இருக்கிற அதிராம்பட்டினத்துப் பெண் ஆஷிகாவுக்குப் போன் போட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, உன் மேல் சத்தியம், நான்தான் விடாமல் கெஞ்சினேன். முதலில் “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று மழுப்பினாள், நான் அழுததும் அவளும் அழுதுவிட்டாள். நீ மத்தியானம் சாப்பிடுவதே இல்லையாம். ராத்திரி ஏதோ பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாயாம், பெயரே போடாத மாத்திரை ஒன்றை விழுங்குகிறாயாம், அதைப் போட்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு தூக்கமே வராதாம். “மொகமும் கையுந்தாம்மா வத்திப்போச்சு, இடுப்பு அப்படியேதான் இருக்கு, அதனால இப்ப ரெண்டு மாத்திரையாப் போடுறா” என்றாள். போன வாரம் குளிக்கிற இடத்தில் மயங்கி விழுந்து உதடு கிழிந்ததாம். அன்றைக்கு நான் வீடியோவில் கேட்டதற்குப் பல் வலி, வீங்கியிருக்கிறது என்றாய். நானும் கிராம்பு வைத்துக் கடி என்றேன்.

காரணத்தையும் அவளேதான் சொன்னாள். கவுண்டரில் பயணிகள் முன்னால் ஸ்கர்ட் ஜிப் பிரிந்துபோனதும், உங்கள் சூப்பர்வைசர் அம்மாள் எல்லோர் முன்னாலும் இந்த உடம்புக்கு எங்களிடம் சைஸ் இல்லை, முன்னால் நிற்க வேண்டுமானால் நீதான் சரியாக வேண்டும் என்று சொன்னதும். அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரத்தை இங்கே எழுதினால் தபால்காரர் கூசிப்போவார். ஆனால் ஆத்திரம் ஒரு நிமிஷம்தான் நிற்கிறது, அப்புறம் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பால்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளை எடை போடுகிறேன், எடை குறைந்த பிள்ளை வீட்டுக்குப் போய் அதன் அம்மாவிடம் மணிக்கணக்கில் பேசி முட்டையும் சத்துமாவும் கொடுத்துவிட்டு வருகிறேன், என் பிள்ளை எங்கேயோ கண்காணாத இடத்தில் பட்டினி கிடந்து விழுகிறாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க முடியவில்லை, எடுக்காமலும் இருக்க முடியவில்லை. நேற்று யாரோ லோன் வேண்டுமா என்று கேட்பதற்குக் கூப்பிட்டார்கள், நான் “என் பொண்ணுக்கு என்னங்க ஆச்சு” என்று கத்திவிட்டேன். அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே “பாப்பா போன் பண்ணுச்சா” என்று தினமும் கேட்கிறார். பண்ணிச்சு, நல்லாருக்காம் என்று நீ சொல்கிற பொய்யை நான் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை எழுந்து அழுகிறது, தட்டிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இந்த இடுப்பு உனக்கு எங்கிருந்தோ வந்துவிடவில்லை கண்ணு, என்னிடமிருந்துதான் வந்தது. எங்கள் துறை யூனிபார்ம் சேலை வழுக்குகிற துணி, அதை முதல்முதலாகக் கட்டிய அன்று ஆயா என்னைப் பார்த்து “டீச்சர், தண்ணி டேங்குக்கு உறை போட்ட மாதிரி இருக்கு” என்றாள். சிரித்துக்கொண்டே நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்கொசுவத்தைக் குவித்துச் சொருகாமல் தட்டையாக நீவி நேராகத் தொங்க விடுவேன், உள்பாவாடையில் சுருக்கம் வைக்காமல் மேலே பொருந்தி கீழே விரிகிற மாதிரி தைத்துக்கொள்வேன், ஜாக்கெட் கையை முழங்கைக்குச் சற்று மேலே வரைக்கும் வைத்துக் கழுத்தை நன்றாக எடுத்துத் தைக்கச் சொல்வேன், பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போய்விடும். அப்பா அன்றைக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விடும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தார், அது போதாதா எனக்கு. உனக்கும் அப்படித்தான். உங்கள் ஸ்கர்ட்டை இடைக்குப் பார்த்து வாங்காதே, அகலமான இடத்துக்குச் சரியாக இருக்கிற பெரிய சைஸை வாங்கி, இடையில் மட்டும் டெய்லரிடம் பிடித்துத் தைத்துக்கொள், ஜிப் ஒருநாளும் பிரியாது. பேண்ட் போடலாம் என்றால் பேண்ட்டையே கேட்டு வாங்கு, தொடையிலிருந்து நேராக இறங்க வேண்டும், கணுக்காலில் பிடிக்கக் கூடாது. கோட்டு இடுப்பின் அகலத்தில் வந்து முடிந்தால் அங்கே கோடு போட்டுக் காட்டின மாதிரி இருக்கும், ஒன்று அதற்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் தாண்டி இறங்க வேண்டும். சுடிதாருக்கு சைடு ஓப்பனை அகலமான இடத்திலேயே ஆரம்பிக்கிறதால்தான் அது விரிந்து இழுக்கிறது, விஜயலட்சுமி அதைக் கீழே இறக்கி வைக்கிறேன் என்கிறாள், இல்லாவிட்டால் மார்புக்குக் கீழிருந்து மெதுவாக விரிகிற கட் வைக்கலாம் என்கிறாள். மொடமொடவென்று நிற்கிற துணி உனக்கு வேண்டாம், மேலே விழுந்து தழைகிற துணி பார். வேலைப்பாடெல்லாம் கழுத்திலும் தோளிலும் இருக்கட்டும், கீழே அடர்ந்த நிறம் இருக்கட்டும். ஷாலை இடுப்பைச் சுற்றி மறைத்துக் கட்டாதே, மறைக்கிறோம் என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி அது. இது எதுவும் ஒளிவதற்காகச் சொல்லவில்லை பூவிழி, நீ நிமிர்ந்து நடப்பதற்காகச் சொல்கிறேன். துணியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துத் தைக்கலாம், உடம்பைப் பிரித்துத் தைக்க விஜயலட்சுமிக்குத் தெரியாது.

அந்த நீலச் சுடிதாரில் நீ போட்ட தையலை நான்தான் உட்கார்ந்து பிரித்தேன். அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருக்கிறாய், பொடிப் பொடியாக, ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. பட்டன் வைக்கச் சொன்னாலே ஓடுகிற பெண் நீ. டூட்டி முடிந்து பசியோடு வந்து, தலை சுற்றலோடு கட்டிலில் உட்கார்ந்து, என் உடம்பு எனக்கு வேண்டாம் என்று இவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்கிறாளே என்று நினைத்ததும் எனக்கு நூல் தெரியவில்லை. அழுதேன். துணியை உன் நிஜ அளவுக்குத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறேன், உள்ளேயும் தாராளமாக விடச் சொல்லியிருக்கிறேன். நீ சண்டை போட்டாலும் பரவாயில்லை, சண்டை போடவாவது தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்படுவேன்.

இன்னொன்று. நான் கிளம்பி வருகிறேன். வளவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன், அவன் உடனே டிக்கெட் எடுத்துவிட்டான், வருகிற புதன்கிழமை தஞ்சாவூரில் ஏறி சென்னையில் மாற வேண்டும். அப்பா “கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, இப்ப எதுக்கு டில்லி” என்றார், பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றேன், உனக்குக் கொடுக்கச் சொல்லிப் புது அரிசி கட்டி வைத்திருக்கிறார். சென்னைக்கு அந்தப்பக்கம் நான் போனதே கிடையாது, இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது, ரயில் எங்காவது நின்றால் இறங்கிவிடுவேனோ என்று அதுவும் ஒரு பயம். ஆனால் அந்தப் பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிடும். வந்ததும் முதல் வேலையாக அந்த மாத்திரையையும் பவுடரையும் ஆஷிகா கையில் கொடுத்துவிடு, அவளோடு போய் டாக்டரைப் பார்த்து, என்ன தின்றாய், எத்தனை நாளாகத் தின்றாய் என்று ஒளிக்காமல் சொல், ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடு. கவுண்டரை விட்டுப் பின்னால் உட்கார வைத்தால் உட்கார்ந்துகொள். வேலையே போனாலும் போகட்டும், வயலில் தண்ணீர் வடிந்துவிடும், சோறு இருக்கிறது.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், உடம்பில் தெம்பும் மனசில் தைரியமும் குறையாமல் இருக்க வேண்டும், உன்னைப் பழித்த வாய்க்கு முன்னாலேயே நீ தலை நிமிர்ந்து வாழ வேண்டும். மறக்காமல் இன்றைக்கு ராத்திரி ஒரு கை சோறாவது சாப்பிடு, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு அந்தச் சுடிதார் பிடிக்கவில்லை என்றால் நைட்டியைப் போட்டுக்கொண்டு வா, எனக்கு ஒன்றுமில்லை. மேடையில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது நீ எவ்வளவு அகலமாக நின்றாலும் நாங்கள் நெருக்கி நின்று இடம் விடுவோம். அந்த இடம் காலியாக மட்டும் இருந்துவிடக் கூடாது கண்ணு.

உன் வரவுக்கும் உன் குரலுக்கும் காத்திருக்கிற
அம்மா
அம்சம் வீரையன்