யாரும் உட்காராத நாற்காலி

பெங்களூர்

சுபாஷின் தாத்தா அவர்களுக்கு, சின்னப்பொண்ணு வணங்கி எழுதுவது. நம் பேத்தி விஜயலட்சுமி நர்ஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். சுபாஷ் டிசைன் வரைந்து கொடுத்துச் செய்த சோபா பெரிய ஓட்டலுக்குப் போயிருக்கிறது. நானும் அவன் வேலை செய்யும் நாற்காலிக் கம்பெனி ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. புதிதாகச் செய்த நாற்காலிகளை முதலாளி பட்டறையில் போட்டுவைப்பார். ஆட்கள் தேடிப்போய் உட்காராத டிசைனைக் கழித்துவிடுவார். சுபாஷ் உங்கள் முட்டியை நினைத்து, எழுந்திருக்கத் தோதாக உயரமாய் ஒன்று செய்தான். உங்கள் நாற்காலியில் வேறு யாராவது உட்காரலாமா? நான் தினமும் அதன்மேல் முறத்தை வைத்துவிடுவேன். யாருமே உட்காரவில்லை என்று முதலாளி அதைக் கழித்துவிட்டார்.

“இன்னா ஆயா, ஒன் மொறத்துக்கா நாற்காலி செஞ்சேன்?” என்று சுபாஷ் தலையில் கைவைத்துக்கொண்டான். விஷயத்தைக் கேட்டு முதலாளி சிரித்துவிட்டார். “உன் தாத்தா உட்கார்ற வாகுக்குத் திருத்திக் கொண்டா, பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்.

அளவெடுக்க நானே உங்களை அழைத்துவர நினைத்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருப்பதால் பஸ் இல்லையாம். மழைக்கு முன்னால் வடகப் பானையை உள்ளே எடுத்துவையுங்கள். ராத்திரிச் சோற்றைத் தனியாகத் தின்கிறோமே என்று பாதியில் வைத்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

உலை கொதிக்கிறது. ரோடு திறந்ததும், நான் லீவு கேட்டு வரும்வரை காத்திருக்காமல் கள்ளக்குறிச்சி போய், முட்டியும் பாதமும் தெரிய உட்கார்ந்து ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். முட்டியை சுபாஷ் பார்த்துக்கொள்வான். முகத்தை நான் பார்க்கணும், கொஞ்சம் சிரித்த மாதிரி எடுத்து அனுப்புங்கள்.